நெஞ்சு படபடப்பா? போனை எடுங்க... மனசு விட்டுப் பேசுங்க!



நாரணாபுரத்தில் ஒரு குழுக் கூட்டம். சந்தா கட்டியாச்சு. உள்கடன் தவணை வரவு வைச்சாச்சு. தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்தும் போட்டாச்சு. எழுந்திருக்கிற நேரத்தில் ஒரு அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

"யம்மா, கொஞ்ச நாளா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துச்சுன்னா அப்புறம் தூக்கமே இல்ல. ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்துப் பார்த்தாக. ஒண்ணுமில்லைன்னுட்டாக. ஒண்ணுமில்லைன்னா எனக்கு ஏன் இப்படி இருக்கு?"

பக்கத்தில் இருந்தவர், "எனக்கும் அப்படித்தான்க்கா" என்றார். மூன்றாவது ஒருவர் வாயே திறக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார்.

அன்றைக்கு அந்த அக்காவுக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. "எல்லாம் சரியாப் போகும்க்கா" என்று சொல்லி அனுப்பி விட்டோம். அது பதில் ஆகாது என்று நமக்கே தெரியும். அதனால்தான் விசாரித்துத் தெரிந்து கொண்டதை இந்த மாதம் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்குக் கூட்டத்தில் ஒருவர் வாசித்துக் காட்டுங்கள்.

ஒண்ணுமில்லை என்றால் ஏன் இப்படி?

டாக்டர் "ஒண்ணுமில்லை" என்று சொன்னது இருதயத்தைப் பற்றி. மனசைப் பற்றி அல்ல.

நமக்கு ஆபத்து வந்தால் தப்பித்து ஓட உடம்பு தயாராகும். நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு வாங்கும், கை வேர்க்கும், வயிறு கலக்கும். பாம்பைக் கண்டால் இது நல்லது. ஓடி விடலாம். ஆனால் வட்டிக்காரர் வருவாரே, மகன் படிக்க மாட்டேங்கிறானே, வீட்டுக்காரர் குடிச்சிட்டு வருவாரே என்ற பயத்துக்கு எங்கே ஓடுவது? ஓட வழியில்லை, பயமும் போகவில்லை. உடம்பு மட்டும் நாள் முழுக்க ஓடத் தயாராகவே நிற்கிறது. அதுதான் அந்தப் படபடப்பு.

இதற்காக முதலில் டாக்டரிடம் போனது சரிதான். ரத்த சோகை, தைராய்டு, ரத்த அழுத்தம் இவற்றாலும் இதே படபடப்பும் அசதியும் வரும். அதைப் பார்த்து விட வேண்டும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது மனசை.

இது பைத்தியமில்லை. செய்வினையும் இல்லை. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறைபாட்டோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த வைத்தியமும் பார்க்கவில்லை என்றும் தெரிந்தது. அந்தக் கணக்குப்படி, இருபது பேர் உள்ள நம் குழு ஒன்றிலேயே இரண்டு பேர் வருவார்கள். வெளியே சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கவலை

எல்லா ஊரிலும் கவலை உண்டு. ஆனால் நம் பகுதிக்கு என்று சில கவலைகள் உண்டு.

பயராபீஸ் வேலைக்குப் போன ஆள் சாயங்காலம் திரும்பி வருகிற வரைக்கும் ஒரு பயம். எங்கேயாவது 'டம்' என்று சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறோம். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்து, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம் விபத்து, 2024 மே 9 செங்கமலப்பட்டி விபத்து... எதையும் நம்மால் மறக்க முடியவில்லை. விபத்தில் தப்பியவர்கள், நேரில் பார்த்தவர்கள், சொந்தத்தைப் பறிகொடுத்தவர்கள் பலருக்குக் கெட்ட கனவு வரும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். அந்த வழியாகப் போகவே மனசு வராது. சில வாரத்தில் இது குறைந்து கொண்டே வந்தால் கவலை வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் "காலம் எல்லாத்தையும் ஆத்தும்" என்று காத்திருக்கக் கூடாது. அதற்கு வைத்தியம் உண்டு.

வேலையும் நிலையில்லை. தீபாவளிக்கு முன்னால் மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி முடிந்தால் சும்மா இருக்க வேண்டும். மழை பெய்தால் வேலை இல்லை. 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததும், அந்த நாட்களில் அடுப்பு எரிய நாம் பட்ட பாடும் நமக்குத் தெரியும். வேலை நின்றாலும் லோன் தவணை நிற்காது.

இவ்வளவையும் தூக்கிக் கொண்டு நாம் சமைக்கிறோம், துவைக்கிறோம், பிள்ளைகளை அனுப்புகிறோம், குரோஸ் கணக்குக்கு வேலையும் பார்க்கிறோம். மனசு அசந்து போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

எப்போது உதவி கேட்க வேண்டும்? கீழே உள்ளவற்றில் சில இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தாலே போதும்:

- தூக்கம் வராதது, அல்லது எந்நேரமும் தூக்கம்
- பசியில்லாதது
- காரணமில்லாமல் அழுகை, எரிச்சல், பிள்ளைகளை அடிக்கத் தோன்றுவது
- முன்னே பிடித்த எதிலும் ஆசையில்லாதது
- பிள்ளை பெற்ற பிறகு குழந்தை மேல் ஒட்டுதல் வராமல், நான் நல்ல தாயில்லை என்று நினைப்பது
- "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்ற எண்ணம். இந்த ஒன்று வந்தால் இரண்டு வாரம் என்ன, இரண்டு மணி நேரம் கூடக் காத்திருக்க வேண்டாம். உடனே பேசுங்கள்.

போனில் வைத்தியமா?

"மனசுக்கு டாக்டரைப் பாருங்கக்கா" என்று சொல்வது சுலபம். போவதுதான் கஷ்டம். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மனநலப் பிரிவு வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்து விட்டால், நாம் பஸ் ஏறி வீடு வருமுன்னே செய்தி வந்து சேர்ந்து விடும். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த இரண்டு தடையையும் தாண்டத்தான் போன் உதவுகிறது. கூலி போகாது. யாரும் பார்க்க மாட்டார்கள்.

போனில் மனசு விட்டுப் பேசுகிற சேவை புதிதல்ல. 1953ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், சாக நினைப்பவர்கள் போன் செய்து பேச ஒரு சேவையைத் தொடங்கினார். சென்னையில் 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சினேகா' அதே வேலையைச் செய்து வருகிறது. சென்னையில் உள்ள 'ஸ்கார்ஃப்' என்ற மனநல நிறுவனம் 2010ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. அந்த பஸ்ஸுக்குள் டிவி போல ஒரு திரை. அதில் சென்னையிலிருந்து டாக்டர் தெரிவார். கிராமத்து ஆட்கள் பஸ்ஸில் உட்கார்ந்து அவரிடம் பேசினார்கள். மருந்தையும் பஸ்ஸிலேயே வாங்கிக் கொண்டார்கள். சென்னைக்குப் போகாமலே சென்னை டாக்டரைப் பார்த்தார்கள்.

2020ல் கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது, டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கு மத்திய அரசு மார்ச் 25 அன்று முறையான விதிகளை வெளியிட்டது. ஆக, இது இன்று சட்டப்படியான வைத்தியம்.

14416 - இந்த நம்பரை மனப்பாடம் செய்யுங்கள்

2022 அக்டோபர் 10 உலக மனநல நாள் அன்று மத்திய அரசு 'டெலி மானஸ்' என்ற சேவையைத் தொடங்கியது. அதே மாதம் தமிழக அரசு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்ற பெயரில் இதை நம் மாநிலத்தில் தொடங்கியது. பெயர் இரண்டானாலும் நம்பர் ஒன்றுதான்: 14416. இன்னொரு நம்பரும் உண்டு: 1800-891-4416.

- காசு கிடையாது. போனில் ரீசார்ஜ் முடிந்திருக்குமே என்று தயங்காமல் போட்டுப் பாருங்கள்.
- ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம்.
- தமிழிலேயே பேசலாம். படித்த தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம்.
- டச் போன் வேண்டியதில்லை. பட்டன் போனே போதும். டச் போன் உள்ளவர்களுக்கு 'டெலி மானஸ்' ஆப் 2024 அக்டோபரில் வந்திருக்கிறது.

போன் போட்டால் என்ன நடக்கும்? முதலில் ஒரு பதிவுக் குரல் வரும். அது சொல்கிறபடி மொழிக்கான பட்டனை அழுத்த வேண்டும். பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் பேசுவார். "என்ன விஷயம், சொல்லுங்க" என்பார். இந்த இடத்தில்தான் நமக்கு நாக்கு ஒட்டிக் கொள்ளும். கவலைப்படாதீர்கள். "எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றே ஆரம்பிக்கலாம். அழுகை வந்தால் அழலாம். தினமும் இப்படிப்பட்ட போன்களைக் கேட்பவர்கள் அவர்கள்.

தூக்கம், சாப்பாடு, வீட்டு நிலைமை எல்லாம் கேட்பார்கள். பேசியே சரி செய்யக் கூடியது என்றால் அவர்களே வழி சொல்வார்கள். மருந்து தேவைப்படும் போலத் தெரிந்தால் மனநல டாக்டரிடமோ நம் மாவட்ட மனநலத் திட்ட டாக்டரிடமோ இணைத்து விடுவார்கள், அல்லது எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

"கவுன்சலிங்குன்னா புத்திமதி சொல்றதுதானே? அதைத்தான் எங்க மாமியாரே தினமும் சொல்றாங்களே!" என்று ஒரு சகோதரி கேட்டார். இல்லை. நல்ல ஆலோசகர் புத்தி சொல்ல மாட்டார். நாம் மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதைப் பிரித்துப் பார்க்க உதவுவார். "மனசே சரியில்லை" என்று போனவரிடம் பேசிப் பேசி, இந்த மாதத் தவணை, மகனின் பள்ளிக்கூடம், கை வலி என்று மூன்றாகப் பிரிப்பார். இதில் இந்த வாரம் எதைச் செய்ய முடியும் என்று கேட்பார். படபடப்பு வரும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்குவார். அடுத்த முறை பேசும்போது என்ன ஆச்சு என்று கேட்பார். ஒரே போனில் எல்லாம் தீர்ந்து விடாது. நாலைந்து முறை பேச வேண்டி வரலாம். முதல் நாள் பேசியவரே அடுத்த நாளும் கிடைப்பார் என்று சொல்ல முடியாது. அதனால் அலுத்துப் போய் விட்டுவிடாதீர்கள்.

பயராபீஸில் மருந்து ரூமுக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள எர்த் கம்பியைத் தொட்டு உடம்பில் சேர்ந்த மின்சாரத்தை இறக்கி விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுதான், ஆனால் இறக்காமல் போனால் ஆபத்து. மனசில் சேர்ந்ததையும் அப்படி இறக்க ஓர் இடம் வேண்டும்.

எங்கே உட்கார்ந்து பேசுவது?

நம்பர் கிடைப்பது சுலபம். தனியாக அரை மணி நேரம் கிடைப்பதுதான் நம் பெண்களுக்குக் கஷ்டம். வீடோ ஒரே அறை. போனோ வீட்டுக்காரர் கையில் அல்லது மகன் கையில். சில சகோதரிகள் சொன்ன யோசனைகள்:

- பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அல்லது மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற நேரத்தில் பேசலாம்.
- நம்பிக்கையான ஒரு சிநேகிதி வீட்டில், அவர் போனிலிருந்து பேசலாம். பேசும்போது அவர் வெளியே இருக்கட்டும்.
- பேசி முடித்ததும் போனில் அந்த அழைப்பை அழித்து விடலாம்.
- வீட்டில் யாராவது வந்து விட்டால் "அப்புறம் பேசுறேன்" என்று வைத்து விடலாம். அவர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பேசியதை வெளியே சொல்வார்களா? 2017ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரின் மனநல விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும். நம் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் காப்பாற்றுவதற்காகச் சொல்லலாம். அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தற்கொலைக்கு முயன்றவரைக் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது. எனவே "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து மறைக்க வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றியும் பேசலாம்

14416ல் நம்மைப் பற்றி மட்டுமல்ல, பிள்ளைகளைப் பற்றியும் கேட்கலாம். பிள்ளைகளே கூடப் பேசலாம். நம் தாய்மார்கள் அதிகம் சொல்கிற குறைகள்: எந்நேரமும் போனைப் பார்க்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறாள், படிப்பில் நாட்டமில்லை, பரீட்சை என்றால் காய்ச்சல் வருகிறது.

நாம் ஒன்றை மனம் திறந்து ஒத்துக் கொள்ள வேண்டும். நம்மில் பலர் சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டியவர்கள். 1986ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்த பிறகும் பல வருடம் அந்த வேலை நம் வீடுகளில் நடந்தது. பள்ளிக்கூடப் பையைத் தூக்கியிருக்க வேண்டிய வயதில் நாம் பெட்டி அடுக்கினோம். அதனால்தான், "நான்தான் தீப்பெட்டி ஒட்டி வீணாப் போனேன், நீயாவது படி!" என்று தினமும் சொல்கிறோம். ஆசையாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளை காதில் அது எப்படி விழுகிறது? "நான் தோத்தா அம்மா வாழ்க்கையே தோத்துப் போகும்" என்று விழுகிறது. பதினாலு வயதுப் பிள்ளைக்கு அது தாங்க முடியாத சுமை.

பிள்ளைகள் விஷயத்தில் ஆலோசகர்கள் பெரும்பாலும் முதலில் நம்மைத்தான் மாறச் சொல்வார்கள். கோபம் வேண்டாம்! அவர்கள் சொல்கிற சில விஷயங்கள்:

- நாளைக்குப் பத்து நிமிஷம் பிள்ளையிடம் பேசுங்கள். மார்க், படிப்பு எதுவும் கேட்காமல்.
- பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.
- போனைப் பிடுங்கி எறிவதை விட, சாப்பிடும் நேரத்திலும் தூங்கும் நேரத்திலும் வீட்டில் யாருமே போன் பார்ப்பதில்லை என்று வையுங்கள். நாம் சீரியல் பார்த்துக் கொண்டு அவனைப் படிக்கச் சொன்னால் கேட்பானா?
- அடித்தால் அந்த நேரத்துக்குப் பயப்படுவான். அடுத்த முறை மறைக்கக் கற்றுக் கொள்வான்.
- நல்லா இருந்த பிள்ளை திடீரென்று ஒதுங்கி, பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்தால் "வயசு அப்படி" என்று விட்டு விடாதீர்கள். பள்ளியில், வெளியில், வீட்டில் யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று பக்குவமாகக் கேளுங்கள். அப்படி இருந்தால் 1098க்கு உடனே சொல்லுங்கள்.

பரீட்சை முடிவு வரும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். 2021ல் நீட் எழுதிய மாணவர்கள் சிலர் உயிரை மாய்த்துக் கொண்டபோது, தமிழக அரசு 104 சேவை வழியாக, தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆலோசகர்களை வைத்துத் தானாகவே போன் போட்டுப் பேச ஏற்பாடு செய்தது. பிள்ளை கேட்காவிட்டாலும் பெரியவர்கள்தான் முதலில் பேச வேண்டும் என்பது அதில் உள்ள பாடம். ரிசல்ட் அன்று காலையில் நாம் வீட்டில் இருந்து, "மார்க் எவ்வளவு வந்தாலும் நீ எங்க பிள்ளை" என்று ரிசல்ட் பார்ப்பதற்கு முன்னாலேயே சொல்லி விட வேண்டும். பள்ளிக்கல்வித் துறையின் 14417லும் படிப்பு பற்றிக் கேட்கலாம்.

போனால் முடியாததும் உண்டு

உள்ளதைச் சொல்ல வேண்டும். போன் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல.

- காதில் குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று பயப்படுவது, பல நாள் தூங்காமல் அலைவது, வலிப்பு, குடியை நிறுத்தியதும் கை நடுக்கம், குழப்பம் இவற்றுக்கு நேரில்தான் போக வேண்டும். விருதுநகரில் 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் எந்தக் கிழமை எங்கே வருவார் என்று நமது கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.
- வீட்டில் அடி உதை என்றால் அது உங்கள் மனசின் குறையல்ல. 181ல் பேசுங்கள். உடனடி ஆபத்து என்றால் 112.
- ஒருவர் தனக்குத் தானே ஏதாவது செய்து கொண்டு விட்டால் 108க்குத்தான் முதல் போன்.
- கடன் தொல்லையை எந்த ஆலோசகரும் அடைக்க முடியாது. ஆனால் தெளிவாக யோசிக்கிற மனசு கிடைத்தால் குழுவில் வந்து சொல்ல முடியும். கந்துவட்டிக்கு 2003லேயே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் இருக்கிறது. மறைத்து வைத்துத் தனியாகத் தவிக்க வேண்டாம்.

கோயிலுக்குப் போகக் கூடாதா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் வைத்தியத்தை விட்டு விட்டுப் போகக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று நம் பக்கத்து மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சிக்கி இறந்ததை நாம் மறக்க முடியாது. அதே ஏர்வாடியில் பின்னால் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. சாமியும் கும்பிடலாம், மாத்திரையும் போடலாம்.

ஏமாந்து விடாதீர்கள்!

ஆன்லைனில் காசு வாங்கிக் கொண்டு கவுன்சலிங் செய்கிறவர்களும் உண்டு. நல்லவர்களும் இருக்கிறார்கள், போலிகளும் இருக்கிறார்கள். காசு கொடுத்துப் பார்ப்பதாக இருந்தால்:

- டாக்டர் என்றால் பதிவு எண் கேளுங்கள். சீட்டில் அது இருக்க வேண்டும்.
- மருந்து எழுத டாக்டருக்கு மட்டுமே உரிமை. ஆலோசகர் மருந்து சொன்னால் வாங்காதீர்கள். கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.
- "மூணே நாளில் குணம், பத்தாயிரம் முன்பணம்" என்றால் போனை வைத்து விடுங்கள்.
- ஓடிபி, ஏடிஎம் நம்பர், போட்டோ எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள். மனநலத்துக்கு ஓடிபி தேவையே இல்லை!

குழு என்ன செய்யலாம்?

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. மனநல டாக்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் அங்கே இருந்தார்கள். 2006ல் டிக்சன் சிபண்டா என்ற டாக்டர், ஹராரே நகரில் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். ஆஸ்பத்திரிக்கு வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சு. அதில் பாட்டி உட்கார்ந்திருப்பார். மனசு சரியில்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த ஊர் மொழியில் இந்த நோய்க்குப் பெயரே 'அதிகமா யோசிக்கிறது' என்பதுதான். நாமும் "ரொம்ப யோசனை பண்ணாத" என்றுதானே சொல்கிறோம்! 24 மருத்துவ நிலையங்களில் இதை ஆராய்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் மற்றவர்களை விட நல்ல குணம் தெரிந்ததாக 2016ல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள்.

அந்தப் பாட்டிகள் நம்மைப் போன்றவர்கள்தான். காது கொடுத்துக் கேட்டார்கள். கேட்டதை வெளியே சொல்லவில்லை. இந்த இரண்டாவது இல்லாவிட்டால் முதலாவது இல்லை. ஒரு குழுவில் ஒருவர் அழுதால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அது பேச்சாகி விட்டால், அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சந்தா மட்டும் கட்டி விட்டுப் போவார்கள்.

எனவே இந்த மாதக் கூட்டத்தில் இதையெல்லாம் செய்யலாம் என்று கேட்டுக் கொள்கிறோம்:

1. 14416 நம்பரை எல்லோர் போனிலும் பதிந்து கொடுங்கள். வேறு பெயரில் பதிய விரும்பினால் அப்படியே பதியுங்கள்.
2. தனியாகப் பேச இடமில்லாத உறுப்பினருக்குக் கூட்டமைப்பு அலுவலக அறையை அரை மணி நேரம் கொடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்க வேண்டாம்.
3. 'குழுவில் கேட்டதைக் குழுவுக்கு வெளியே பேச மாட்டோம்' என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.
4. சாவைப் பற்றி யாராவது பேசினால் "அப்படியெல்லாம் பேசாத" என்று வாயை அடைக்காதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. அவரைத் தனியே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே 14416க்குப் போட்டுக் கொடுங்கள்.

அன்று நெஞ்சு படபடக்குது என்று சொன்ன அக்காவுக்கு இந்த நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தோம். மடித்து மணிபர்ஸில் வைத்துக் கொண்டார். பேசினாரா, என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டோம். நீங்களும் கேட்காதீர்கள். போன கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார்.

கண்ணைத் துடைத்துக் கொண்ட அந்த மூன்றாவது சகோதரிக்கு மட்டும் இன்னும் சீட்டுப் போய்ச் சேரவில்லை. அவர் இந்தப் பக்கத்தைப் படித்தாலோ, யாராவது வாசிக்கக் கேட்டாலோ, இதோ நம்பர்: 14416.

சேமிப்பில் கை கோத்த நாம், மனசின் பாரத்திலும் கை கோப்போம்!